கடிவாளமில்லாத செவலை

ஓவியர் டர்னரின் கப்பல்களைப் பார்க்கத்தான் அன்று லண்டன் நேஷனல் கேலரிக்குப் போனேன். வெளியே டிராஃபல்கர் சதுக்கத்தில் காலையிலிருந்தே தூறல். நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதால் மழைக்கு ஒதுங்கியவர்களும் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே வந்திருந்தார்கள். ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குத் திரும்பும்போது, ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்திருந்த வாசல்களுக்கு அப்பால், கடைசிச் சுவரில் ஒரு செவலைக் குதிரை முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது.

கால்கள் தாமாக அந்தப் பக்கம் நடந்தன. நெருங்க நெருங்க அது பெரிதாகிக்கொண்டே வந்தது. படத்தின் உயரம் 292 சென்டிமீட்டர், அகலம் 246. உயிருள்ள குதிரை எந்த அளவோ அதே அளவு. சேணமில்லை, கடிவாளமில்லை, மேலே ஆளில்லை. பின்னால் மரமோ வானமோ வயலோ எதுவும் கிடையாது. வெறும் மங்கிய பச்சை கலந்த மஞ்சள் வெளி. உடல் இடப்பக்கம் நோக்கி எழும்பியிருக்க, தலை மட்டும் நம் பக்கம் லேசாகத் திரும்பியிருக்கிறது. பிடரியும் வாலும் உலர்ந்த வைக்கோலின் வெளிர் பொன்னிறம். அது தரையில்தான் நிற்கிறது என்பதற்கு ஒரே சாட்சி பின்னங்குளம்புகளின் அடியில் விழும் சின்ன நிழல். அந்த நிழலை மறைத்துவிட்டால் குதிரை மிதக்கும்.

படத்தின் பெயர் 'விசில்ஜாக்கெட்'. குதிரையின் பெயரும் அதுதான். வரைந்தவர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். காலம் 1762 வாக்கில்.

என் தாத்தா திண்டுக்கல்லில் ஜட்கா ஓட்டியவர். ரயில் நிலையத்துக்கும் பேட்டைக்குமாக முப்பது வருடம். குதிரை வாங்கப் போகும்போது என்னையும் சில நேரம் கூட்டிப் போவார். தரகர் சுழியைக் காட்டுவார், பல்லைப் பிடித்து வயது சொல்வார். தாத்தா எதையும் காதில் வாங்காமல் குதிரையின் விலாவையே பார்த்துக்கொண்டு நிற்பார். "மொதல்ல மூச்சப் பாரு. பெறகு காலப் பாரு. அழகெல்லாம் கடேசிதான்" என்பார். விசில்ஜாக்கெட்டின் முன்னால் நின்றபோது நான் அதைத்தான் செய்தேன். மூக்குத் துவாரம் விரிந்து உட்புறம் சிவந்திருக்கிறது. தோலுக்கடியில் நரம்புகள் கிளை கிளையாகப் புடைத்து ஓடுகின்றன. விலா எலும்பு இருக்கும் இடம் தெரிகிறது, ஆனால் எலும்பு தெரியவில்லை. தொடைச் சதை முறுகி உடலின் முழு எடையையும் பின்னங்கால்களில் தாங்குகிறது. தோலை இத்தனை துல்லியமாக வரைய வேண்டுமென்றால் தோலுக்குள் போய்வந்திருக்க வேண்டும். அப்படிப் போய்வந்தவர்தான் ஸ்டப்ஸ் என்பது அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும், மீதமிருந்த ஐந்து நாட்களில் லண்டனில் பார்க்க நினைத்ததையெல்லாம் விட்டுவிட்டு வடக்கே புறப்பட்டேன்.

கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க் நகரத்துக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். இந்தக் குதிரையின் பேர்போன வெற்றி அங்கேதான் நடந்தது.

விசில்ஜாக்கெட் 1749-இல் இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தின் பெல்சேயில் பிறந்தது. பெயர் ஒரு கஷாயத்தினுடையது. சளிக்கு ஜின்னையும் வெல்லப்பாகையும் கலந்து குடிப்பார்களாம், அதற்குத்தான் விசில்ஜாக்கெட் என்று பெயர். தகப்பன் குதிரையின் பெயர் மொகல். மொகலின் தகப்பன் கொடால்ஃபின் அரேபியன். பந்தயக் குதிரை வளர்ப்பவர்கள் அந்தப் பெயரைக் குலதெய்வத்தின் பெயர்போலச் சொல்வார்கள். உலகத்தில் இன்று ஓடுகிற தரோப்ரெட் குதிரைகள் அத்தனையும் தந்தை வழியில் மூன்றே மூன்று கிழக்கத்திய ஆண் குதிரைகளில் போய் முடிகின்றன. பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன். கிண்டியில் ஓடிய குதிரைகளுக்கும் இவைதாம் மூதாதை.

யார்க்கின் பந்தயத் திடலுக்கு நேவ்ஸ்மயர் என்று பெயர். 'மயர்' என்றால் சேற்றுநிலம். 1731 முதல் அங்கே குதிரைகள் ஓடுகின்றன. நான் போன நாளில் பந்தயம் இல்லை. நாயோடு நடப்பவர்கள், சைக்கிள் பழகும் ஒரு சிறுமி, கண்ணுக்கு எட்டிய வரை ஈரப் புல். திடலின் ஓரத்தில் ஒரு கல்தளம் இருக்கிறது. யார்க்கின் தூக்குமேடை நின்ற இடம் அது. கொள்ளைக்காரன் டிக் டர்பினை 1739-இல் அங்கேதான் தூக்கிலிட்டார்கள். அவன் மேல் நிரூபணமான குற்றம் குதிரைத் திருட்டு. பந்தயமும் தூக்குமேடையும் ஒரே திடலில் இருந்தன, ஒரே ஊர் ஜனம்தான் இரண்டையும் வேடிக்கை பார்த்தது என்பதை நினைத்தபோது புல்லில் நடக்கவே கூச்சமாக இருந்தது.

1759 ஆகஸ்டில் இந்தப் புல்லின் மேல் விசில்ஜாக்கெட்டும் புரூட்டஸ் என்ற குதிரையும் மோதின. தூரம் நான்கு மைல். பணயம் 2000 கினி. ஒரு கினி என்பது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும். விசில்ஜாக்கெட்டுக்கு அப்போது பத்து வயது. இன்றைய எப்சம் டெர்பி ஒன்றரை மைல்தான், ஓடுபவை மூன்று வயதுக் குட்டிகள். அந்தக் காலத்துப் பந்தயம் வேறு ஜாதி. வேகத்தைவிட நெஞ்சுரம் பெரிது. நான் நான்கு மைல் என்றால் என்னவென்று காலால் தெரிந்துகொள்ள அந்தத் திடலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, செருப்பெல்லாம் சேறு. அந்தத் தூரத்தைச் சவாரியைச் சுமந்துகொண்டு ஓடி, விசில்ஜாக்கெட் ஜெயித்தது. அத்தோடு அதன் பந்தய வாழ்க்கை முடிந்து, பொலிகுதிரையாகப் பண்ணைக்குப் போனது.

அதன் சொந்தக்காரர் ராக்கிங்ஹாம் பிரபு, சார்ல்ஸ் வாட்சன் வென்ட்வர்த். பிற்பாடு இரண்டு முறை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். அமெரிக்கக் குடியேற்றங்களைக் கொதிக்கவைத்த முத்திரைச் சட்டம் 1766-இல் திரும்பப் பெறப்பட்டது அவர் ஆட்சியில்தான். சரித்திரப் புத்தகம் அவரை அதற்காக நினைவு வைத்திருக்கிறது. சாதாரண ஜனங்கள் அவரை நினைப்பதென்றால் அது இந்தக் குதிரையால்தான்.

யார்க்கில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஸ்டப்ஸ் லிவர்பூலில் 1724-இல் பிறந்தவர். அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். செத்த மாட்டின் தோலும், சுண்ணாம்பு வாடையும், கத்தியும் சிறு வயதிலிருந்தே பழக்கம். ஓவியத்தில் அவருக்குக் குரு என்று சொல்லும்படி யாருமில்லை. இருபது வயதையொட்டி யார்க் வந்து, அங்கிருந்த மருத்துவமனையில் மனித உடற்கூறு படித்தார், பிறகு மருத்துவ மாணவர்களுக்கே அதைச் சொல்லியும் கொடுத்தார். ஜான் பர்ட்டன் என்ற மருத்துவர் 1751-இல் பிரசவ மருத்துவம் பற்றி வெளியிட்ட நூலுக்குப் படம் செதுக்கியவரும் இவரே. 1754-இல் ரோமுக்குப் போனார். பெரிய பெரிய சிற்பங்களையும் ஓவியங்களையும் பார்த்துவிட்டு, கலையைவிட இயற்கைதான் மேல் என்று உறுதிப்படுத்திக்கொண்டு திரும்பியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதை ஆணவம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரோமிலிருந்து திரும்பியபின் அவர் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித் தோன்றாது.

அந்த இடம் ஹோர்க்ஸ்டோ. லிங்கன்ஷயரில், ஹம்பர் ஆற்றுக்குத் தெற்கே ஒரு சிற்றூர்.

யார்க்கிலிருந்து ஹல் வரை ரயில். அங்கிருந்து பேருந்து ஹம்பர் பாலத்தின் மேல் ஏறியது. 1410 மீட்டர் நீளத்துக்கு நடுவில் ஒரு தூணும் இல்லாமல் கம்பி வடத்தில் தொங்குகிற பாலம். கீழே ஆறு சேற்று நிறத்தில் கடலைப்போல அகன்று கிடந்தது. அக்கரையில் இறங்கி ஒரு வாடகைக் காரைப் பிடித்தேன். ஹோர்க்ஸ்டோவா, அங்கே என்ன இருக்கிறது என்று ஓட்டுநர் கேட்டார். குதிரை வரைந்தவர் ஒருவர் வாழ்ந்த ஊர் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார், நம்பினாரா தெரியவில்லை.

ஒரு தெரு, ஒரு சர்ச், சில வீடுகள், அதற்கு மேல் சரிந்து எழும் உழுத நிலம். அவ்வளவுதான் ஊர். காற்று மட்டும் ஓயாமல் வீசியது. 1756-இல் இங்கே ஒரு பண்ணைவீட்டுக்கு ஸ்டப்ஸ் குடிவந்தார். கூட வந்தவர் மேரி ஸ்பென்சர், அவருடைய வாழ்நாள் துணை. ஒதுக்குப்புறமான இடம் வேண்டியிருந்தது. ஏனென்றால் அவர் செய்யப்போன வேலை அப்படி. சுமார் பதினெட்டு மாதம், ஒன்றன்பின் ஒன்றாகக் குதிரைகளை அறுத்து, அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கையும் வரைந்தார்.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதை ஓசையாஸ் ஹம்ஃப்ரி என்ற ஓவியர், ஸ்டப்ஸின் வாயால் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். குதிரையின் கழுத்து நரம்பை அறுத்து இரத்தத்தை வடியவிடுவார். இரத்தக் குழாய்கள் சுருங்கிப் போகாமலிருக்க அவற்றுக்குள் உருகிய கொழுப்பைச் செலுத்துவார். கூரையிலிருந்து ஒரு இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, கொக்கிகளை விலா எலும்புகளில் மாட்டி உடலைத் தூக்கி நிறுத்துவார். குளம்புகளுக்குக் கீழே ஒரு பலகை. இப்போது செத்த குதிரை நடக்கிற நிலையில் நிற்கும். பிறகு தோல், அதன்பின் முதல் அடுக்குத் தசை, இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்று எலும்பு வரும் வரை. ஒரே உடலோடு பதினோரு வாரம் வேலை செய்திருக்கிறார். நாற்றத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. படங்களைச் செதுக்கித் தர லண்டனில் யாரும் முன்வராததால் தாமே செதுக்கினார். அதற்கு வருடக்கணக்கில் ஆயிற்று. 1766-இல்தான் 'குதிரையின் உடற்கூறு' வெளிவந்தது. மூலச் சித்திரங்கள் இப்போது ராயல் அகாடமியிடம் இருக்கின்றன.

அறுபட்ட குதிரைகள் எதுவும் பந்தயத்தில் ஜெயித்தவை அல்ல. அவற்றுக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை. உழைத்துத் தேய்ந்து, இனி தீனிக்குச் செலவு என்று கழிக்கப்பட்டவை அந்தக் கொட்டகைக்கு வந்திருக்கும். விசில்ஜாக்கெட்டின் தொடையில் நான் பார்த்த அந்த முறுகிய சதை, தோலுக்கடியில் கிளைவிட்ட அந்த நரம்பு, இவையெல்லாம் பெயரில்லாத அந்தக் குதிரைகள் கொடுத்தவை. சர்ச் மதில் ஓரம் உட்கார்ந்து இதைக் குறிப்பேட்டில் எழுதும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. ஓவியத்தின் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை வைத்து, அதில் ஹோர்க்ஸ்டோ என்ற ஊர்ப்பெயரை மட்டுமாவது எழுதலாம்.

இதே ஊரில் 1797-இல், ஸ்டப்ஸ் போய் நாற்பது வருடம் கழித்து, மண்ணைத் தோண்டியபோது ரோமானியர் காலத்துத் தரைச் சித்திரம் ஒன்று கிடைத்தது. வண்ணக் கல் துண்டுகளால் பதித்தது. சித்திரத்தில் இருப்பது தேர்ப்பந்தயம்! திரும்பும் வழியில் ஹல் அருங்காட்சியகத்தில் அதைப் பார்த்தேன். ஒரு தேரின் சக்கரம் கழன்றுவிட்டது, சாரதி விழுகிறான், குதிரைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஸ்டப்ஸ் கொக்கியில் மாட்டிய உடல்களைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தபோது, அதே ஊர் மண்ணுக்கடியில் இந்தப் பந்தயக் குதிரைகள் படுத்திருந்தன.

அன்று இரவு ஹல் விடுதியில், யார்க்கில் வாங்கிய புத்தகத்தில் ஸ்டப்ஸின் இன்னொரு படத்தையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாம்பிள்டோனியன் என்ற குதிரையை ஓட்டம் முடிந்து துடைத்துவிடும் காட்சி. மூலம் வட அயர்லாந்தில், மவுண்ட் ஸ்டூவர்ட் மாளிகையில் இருக்கிறது. இந்தப் பயணத்தில் அங்கே போக வழியில்லை. 1799 மார்ச் 25-இல் நியூமார்க்கெட் திடலில் ஹாம்பிள்டோனியனுக்கும் டயமண்டுக்கும் பந்தயம். பணயம் 3000 கினி. அரைக் கழுத்து வித்தியாசத்தில் ஹாம்பிள்டோனியன் ஜெயித்தது. சாட்டையாலும் குதிமுள்ளாலும் இரண்டு குதிரைகளின் விலாவும் கிழிந்திருந்தன. வெற்றிப் படம் வேண்டுமென்று சொந்தக்காரர் ஹென்றி வேன் டெம்பஸ்ட் கேட்டார். எழுபத்தைந்து வயது ஸ்டப்ஸ் வரைந்து கொடுத்தது வெற்றியை அல்ல. களைத்து, நிலைகொள்ளாமல், நிற்கவும் முடியாத ஒரு உயிரை வரைந்தார். லாயக்காரப் பையன் அதன் முதுகின்மேல் கையைப் போட்டுக்கொண்டு நம்மை நேராகப் பார்க்கிறான். சொந்தக்காரர் பணம் தர மறுத்தார். ஸ்டப்ஸ் வழக்குப் போட்டு ஜெயித்தார்.

கடைசியாக வென்ட்வர்த். ஷெஃபீல்டுக்கு ரயில், அங்கிருந்து தெற்கு யார்க்ஷயரின் சின்னச் சின்ன ஊர்களின் வழியாகப் பேருந்து. இது நிலக்கரி பூமி. ராக்கிங்ஹாமின் மாளிகை வென்ட்வர்த் வுட்ஹவுஸ் இங்கேதான் இருக்கிறது. கிழக்கு முகப்பு மட்டும் 606 அடி நீளம். முன்னால் நின்று தலையை இடமிருந்து வலமாகத் திருப்பினால்தான் முழுசாகப் பார்க்க முடியும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1946-இல், அரசாங்கம் நிலக்கரிக்காகத் தோட்டத்தை வீட்டு வாசல் வரை வெட்டியெடுத்தது. அப்புறம் முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியைகளுக்கான கல்லூரி. 2017-இல் ஒரு அறக்கட்டளை 70 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, ஒழுகும் கூரையிலிருந்து வேலையைத் தொடங்கியது.

மாளிகைக்குள் ஒரு அறைக்கு விசில்ஜாக்கெட் அறை என்றே பெயர். சுவரின் சுதை வேலைப்பாட்டுக்கு நடுவே, படத்துக்கென்று அளவெடுத்ததுபோல ஒரு கட்டம். அதில் இப்போது தொங்குவது நகல். மூலத்தை 1997-இல் நேஷனல் கேலரி 1 கோடியே 10 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கிவிட்டது. அதில் பெரும் பங்கு லாட்டரிப் பணத்திலிருந்து வந்தது.

வழிகாட்டியாக வந்த முதிய பெண்மணி, தன்னார்வலர், வழக்கமான கதையைச் சொன்னார். படத்தில் குதிரையின் மேல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை வரைவதாக ஏற்பாடு. பிரபுவுக்கும் மன்னருக்கும் அரசியலில் மனக்கசப்பு வந்ததால் மன்னர் பாதியில் விடப்பட்டார் என்று. முன்னங்கால் தூக்கி நிற்கும் இந்த நிலை, மன்னர்களைக் குதிரைமேல் வரையும்போது கையாண்ட நிலைதான், மறுக்க முடியாது. ஆனால் அதே வருடம் அதே பிரபுவுக்காக ஸ்டப்ஸ் பெண் குதிரைகளையும் குட்டிகளையும் இதேபோலப் பின்னணியில்லாமல் வரைந்திருக்கிறார். விசில்ஜாக்கெட்டையே இன்னும் இரண்டு குதிரைகளோடும் லாயக்காரரோடும் வெறும் வெளியில் நிறுத்தி வரைந்த படமும் உண்டு. அத்தனையுமா முடிக்காமல் விட்டவை? இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். "எனக்கும் மன்னர் கதையில் நம்பிக்கை இல்லை. வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்" என்றார். "அந்த இன்னொரு கதையைச் சொல்லட்டுமா?"

அதுவும் ஹம்ஃப்ரி எழுதிவைத்ததுதான். படம் முடிகிற தறுவாய். தூரத்திலிருந்து பார்ப்பதற்காக ஸ்டப்ஸ் அதை லாயத்துச் சுவரில் சாய்த்துவைத்திருந்தார். பையன் விசில்ஜாக்கெட்டை நடத்திக்கொண்டு வந்தான். குதிரை படத்தைப் பார்த்தது. எதிரே இன்னொரு ஆண் குதிரை எழும்பி நிற்கிறது! பாய்ந்துவிட்டது. பையனையே தரையிலிருந்து தூக்கிவிட்டது. ஸ்டப்ஸ் கையிலிருந்த வண்ணத்தட்டாலும், கை நடுங்காமலிருக்கத் தாங்கிப் பிடிக்கும் நீளக்குச்சியாலும் அதை அடித்து விலக்க வேண்டியதாயிற்று. இதைக் கேட்ட பிரபு, படத்தில் இனி ஒரு கோடுகூடச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் எனக்கு இது பொருந்துகிறது. முரட்டுக் குதிரை என்று அதற்குப் பெயர் இருந்தது. அந்த முரட்டுத்தனத்தை அடக்கி மேலே ஒரு மன்னரை ஏற்றாமல், அப்படியே விட்டார்கள். உள்ளே உள்ளது அத்தனையும் தெரிந்த ஓவியருக்கு வெளியே மரமும் வானமும் எதற்கு?

நகலின் அருகில் போய்ப் பின்னங்குளம்புகளைப் பார்த்தேன். நிழல் இருந்தது. நகலெடுத்தவர் அதை விட்டுவிடவில்லை.

வெளியே வந்து லாயத்தைப் பார்க்கப் போனோம். ஜான் கார் கட்டியது. யார்க் திடலில் பணக்காரர்கள் நின்று பார்க்கும் மாடத்தையும் ராக்கிங்ஹாம் முன்னின்று இதே கட்டடக் கலைஞரைக் கொண்டுதான் கட்டவைத்தார். ஓவியத்துக்குச் சில வருடம் கழித்து எழும்பியதால், குதிரை படத்தின்மேல் பாய்ந்தது இதில் நடந்திருக்க முடியாது. 84 குதிரைகளுக்கான லாயம். முற்றம் ஒரு கோயில் பிரகாரம் மாதிரி விரிந்து கிடந்தது. ஒரு குதிரையும் இல்லை. கல்பாவிய தரையின் இடுக்குகளில் புல். எங்கள் காலடிச் சத்தம் நாலு பக்கச் சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது.

"உங்கள் ஊரிலும் குதிரை வளர்ப்பார்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். ஆட்டோக்கள் வந்தபின் சவாரி குறைந்து, கடைசிக் குதிரையை அவர் விற்றது. வாங்கியவன் பிடித்துக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை அவர் வாசலுக்கே வராமல் கொல்லையில் நின்றது. ஜட்காவைப் பழைய மரத்துக்குப் போட்டார்கள். கொல்லையில் குதிரை கட்டிய இரும்பு முளையை மட்டும் பிடுங்க விடவில்லை. அம்மா துணி காயப்போட அதில் கயிறு கட்டினால்கூட அவிழ்த்துவிடுவார். அவர் போய்ப் பல வருடம் கழித்து வீட்டை இடித்துக் கட்டியபோது கொத்தனார் அதைத் தோண்டியெடுத்தார். மண்ணுக்குள் ஒன்றரை முழம் இருந்தது. மேலே, கயிறு உரசி உரசி, ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்குத் தேய்ந்திருந்தது.